கெடு தேதி

செக்காலை ரோட்டில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில்
ஒன்றரை வருஷம் உட்கார்ந்து நான் எழுதியது
ஒரு வட்டிக் கணக்கு ஆப்.
அசல், விகிதம், கெடு தேதி.
மூன்று கட்டம். நிரப்பினால் விடை.
ரெண்டு வட்டியைத் தாண்டினால் திரை சிவந்து
‘யோசித்துக் கையெழுத்துப் போடவும்’ என்று சொல்லும்.
அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று
எனக்கு ஒரு நினைப்பு.

வருஷச் சந்தா நூறு ரூபாய்.
என் கைக்கு எழுபது.
மீதி முப்பது, நான் பார்த்தேயிராத ஊரில்
பார்த்தேயிராத ஒருவரின் கல்லாவுக்கு.

காரைக்குடியில் இருந்துகொண்டு
சதவீதத்தைக் கண்டு மிரண்டேன் என்றால் சிரிப்பார்கள்.
பர்மாவுக்கும் பினாங்குக்கும்
வட்டியைக் கப்பலேற்றிய ஊர்.

திங்கட்கிழமை சந்தையில்
மூட்டைக்கு முப்பது என்று சீட்டுக் கிழிப்பார்
குத்தகை எடுத்த சேவுகமூர்த்தி.
அவரிடம் சண்டை போடலாம்.
போன மாதம் பஞ்சவர்ணம் போட்டாள்.
சீட்டைக் கசக்கி அவர் காலடியில் எறிந்துவிட்டு
கல்லுக்கட்டி ஓரமாய்ச் சாக்கை விரித்தாள்.
கத்திரிக்காய் அங்கேயும் கத்திரிக்காய்தான்.

என் கத்திரிக்காய்க்கு
சந்தைக்கு வெளியே தெருவே கிடையாது.

பாத்திரக்கடை அடைக்கப்பன் கேட்டார்:
“நேரா உன் நம்பருக்கே எழுபத்தஞ்சு அனுப்பிடறேன் பெனிட்டா.
எனக்கு இருபத்தஞ்சு மிச்சம், உனக்கு அஞ்சு லாபம்.
நடுவுல அவன் எதுக்கு?”
அரை நிமிஷத்தில் அவர் போட்ட கணக்கை
ஆப்புக்குள் ஒரு வரியாக நான் எழுதினால்
ஆப்பையே தூக்கிவிடுவார்கள்.
மலிவான வழி ஒன்று இருக்கிறது என்று
சொல்லக்கூடக் கூடாது.
விதியின் எண் ஞாபகமில்லை. விதி ஞாபகமிருக்கிறது.
“மகமைகூட நாங்களே கூடி உக்காந்து வச்சதும்மா,” என்றார்.
“எவ்வளவுன்னும் தெரியும். எந்தக் கோயிலுக்குன்னும் தெரியும்.”

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.
அந்தக் கடை இல்லையென்றால்
கானாடுகாத்தான் டீச்சரும் பள்ளத்தூர் லாரி டிரைவரும்
என்னை எங்கே கண்டுபிடித்திருப்பார்கள்?
போன ஆடியில் என் மச்சான் டார்வின்
வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒன்றைத் தொட்டான்;
நாற்பத்தோராயிரம் போச்சு.
‘கடையில் இல்லாததைத் தொடாதே’ என்று
அவனைத் திட்டியது நான்தான்.
காவல்காரருக்குக் கூலி வேண்டாம் என்றா சொல்கிறேன்?
காவல்காரரே கதவு, காவல்காரரே பூட்டு,
என் கடைக்கு எதிரிலேயே காவல்காரர்
அதே சரக்கை விரித்தால்?

விரித்தார். நவம்பரில்
போனோடு சேர்ந்தே வந்தது ஒரு வட்டிக் கணக்கு.
இலவசம்.
சிவக்காது.

இந்த வருஷம் இன்னொரு வாசலைத் திறந்திருக்கிறார்களாம்.
இனிமேல் வெளியேயும் பணம் கட்டலாம்.
போய்ப் பார்த்தேன்.
முதலில் ஒரு எச்சரிக்கைப் பக்கம்,
பேய் பங்களாவுக்குள் போகிறவனுக்குச் சொல்வது மாதிரி.
தாண்டினால் அங்கேயும் ஒரு சீட்டு: இருபத்தேழு.
பணத்தை வாங்கிக் கொடுக்கும் கம்பெனிக்கு மூன்று.
கூட்டிப் பார்த்தேன்.
நீங்களும் கூட்டிப் பாருங்கள்.

முன்வாசலில் நின்றால்
பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் போகும் ஆடு தெரிகிற
வீடுகளுக்கு நடுவில் குடியிருக்கிறேன்.
வாசல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம், வேலை ஓடாமல்,
என் ஆப்பிலேயே அவர்களை ஏற்றினேன்.
அசல் என்று எதைப் போட? அவர்கள் எதையும் கடன் தரவில்லை.
ஒன்றரை வருஷம் என்று எழுதக் கட்டத்தில் இடமில்லை.
நூறு என்று போட்டேன்.
விகிதம் முப்பது.
திரை சிவந்தது. சரி.
கெடு தேதி?
காலியாக விட்டு அழுத்தினேன்.
‘தேதி இல்லாமல் கணக்கு முடியாது.’
நான் எழுதிய வரிதான்.
மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே.

கீழே கடையில் யாரோ
ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி
மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்,
குமிழி எங்கிருந்து வருகிறது என்று.